பின்வாங்காத கடல்

2024ஆம் ஆண்டின் இறுதியில், ஆழிப்பேரலையின் இருபதாவது ஆண்டு நினைவையொட்டி எழுவான்கரைப் பாடசாலை ஒன்றில் மாணவர்களுக்கு ஒரு விவரணப்படம் காட்டினார்கள். ஊரவன், பழைய பத்திரிகைக்காரன் என்ற இரு தகுதிகளின் பேரில் எனக்கும் முன்வரிசையில் ஒரு கதிரை கிடைத்தது. யன்னல்களைச் சாத்திச் சீலைகளைத் தொங்கவிட்டு, பல்லூடக எறியியை இயக்கினார்கள். நல்ல படம்தான். வெளிநாட்டில் தயாரிக்கப்பட்டுத் தமிழ்க் குரல் சேர்க்கப்பட்டது. கடலடியில் ஒரு புவித்தகடு மற்றொன்றின்கீழ் அமிழ்வதையும், நூற்றாண்டுகளாக இறுகிக் கிடந்த விளிம்பு திடீரென விடுபட்டு எகிறுவதையும், அதன்மேல் நின்ற கடல் அடியிலிருந்து மேற்பரப்புவரை ஒரே திணிவாக உயர்வதையும் அசைவூட்டமாகக் காட்டினார்கள். கரும்பலகையில் வெண்கட்டியால் கீறி ஒரு மணித்தியாலம் விளக்கினாலும் பிடிபடாத விடயம் இரண்டு நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. அவர்களுடைய முகங்களில் அதை நான் கண்டேன்.

பின்னர் ஒரு கடற்கரை வந்தது. நீர் மளமளவெனப் பின்வாங்குகிறது. வெறித்துப்போன மணலில் மீன்கள் துடிக்கின்றன. சிறுவர்கள் அவற்றைப் பொறுக்க ஓடுகிறார்கள். கடல் பின்வாங்கினால் சுனாமி வருகிறதென்று அறிந்து, உடனே மேட்டுநிலத்தை நோக்கி ஓடுங்கள் என்கிறது குரல்.

வாசலோரம் துடைப்பத்துடன் நின்ற பாடசாலைத் தொழிலாளி, "அப்படி வரல்ல" என்று தமக்குள் முணுமுணுத்தார். அறுபதை நெருங்கும் வயது. நாவலடியில் பிறந்தவர். படம் முடிந்து தேநீர் வந்த வேளையில் அவரைத் தேடிப்போய்க் கேட்டேன்.

"எங்கட கடல் உள்ளுக்குப் போகல்ல ஐயா. ஏறித்தான் வந்தது. உள்ளுக்குப் போனது பிறகு. அப்ப அதைப் பார்க்க ஆர் இருந்த?"

இதே வார்த்தைகளை நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடர்வது நேர்மையாகாது.

2005 சனவரியில், பேரழிவு நிகழ்ந்து மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில், நான் பணியாற்றிய பத்திரிகைக்குச் 'சுனாமியை அறிவது எப்படி' என்ற பாணியில் மாணவர்களுக்கான ஒரு கட்டுரை எழுதினேன். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் குறிப்புகளையும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த காட்சிகளையும் வைத்தே எழுதினேன். 'அலை வருமுன் கடல் பின்வாங்கும். அதுவே இயற்கை தரும் எச்சரிக்கை' என்று ஐயத்துக்கு இடமின்றி அதில் எழுதியிருந்தேன். சில நாட்களின் பின் கல்லடி முகாம் ஒன்றில் முதிய மீனவர் ஒருவர் அந்தப் பத்திரிகைத் துண்டைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, இதை எந்தக் கடலைப் பார்த்து எழுதினீங்க?" கரைவலைச் சம்மாட்டியாக இருந்தவர். அன்று காலை கரையிலேயே நின்றவர். நீர் வற்றவில்லை, பொங்கி ஏறியது என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அதிர்ச்சியில் இருக்கும் மனிதருக்கு நினைவு பிசகியிருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன். திருத்தம் எதுவும் வெளியிடவில்லை. முப்பது ஆண்டுகள் செய்தி எழுதியவன், நேரிற் கண்ட சாட்சியை விட்டுவிட்டுத் திரையிற் கண்டதை நம்பினேன்.

பிசகியது அவருடைய நினைவு அல்ல. விஞ்ஞானம் அவர் பக்கமே நின்றது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58க்கு, சுமாத்திராவின் வடமுனைக்கு அப்பால் தொடங்கிய முறிவு வடக்கே அந்தமான்வரை ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குக் கிழிந்து சென்றது. 9.1 அளவுடைய நிலநடுக்கம். இந்தியத் தகடு கிழக்கு நோக்கி அமிழும் அந்த விளிம்பில், மேலே கிடந்த தகட்டின் மேற்குப்புறம் எகிறி உயர்ந்தது. அதற்குக் கிழக்கே உள்ள பகுதி தாழ்ந்தது. மேசைவிரிப்பின் ஓர் ஓரத்தைத் தூக்கினால் அதன் பின்புறம் பள்ளம் விழுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கிழக்கே தாய்லாந்தை நோக்கிப் புறப்பட்ட அலையின் முன்பகுதி பள்ளமாக இருந்தது. அங்கே முதலில் கடல் வற்றியது. மேற்கே இலங்கையையும் தமிழகத்தையும் நோக்கி வந்த அலைக்கு முடியே முன்பகுதி. இங்கே முதலில் வந்தது ஏற்றம். சென்னை, தூத்துக்குடி, விசாகப்பட்டினம் துறைமுகங்களின் அலைமானிகள் அன்று பதிவுசெய்த கோடுகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் இதையே கண்டார்கள். மூன்றிலும் கோடு முதலில் மேல்நோக்கியே எழுகிறது. முதல் ஏற்றம் வடிந்தபோதுதான் நீர் வெகுதூரம் உள்வாங்கியது. அதன்பின் அடுத்த அலை வந்தது.

ஆழ்கடலில் அந்த அலை உயரமானதன்று. ஜேசன்-1 என்ற செய்மதி தற்செயலாக வங்காள விரிகுடாவைக் கடந்தபோது, நிலநடுக்கம் ஏற்பட்டு இரண்டு மணித்தியாலங்களின் பின், கடல்மட்டம் அரை மீற்றரைச் சற்றே தாண்டி உயர்ந்திருந்ததை அளந்தது. கப்பலில் இருந்தவனுக்குத் தெரிந்திராது. ஆனால் 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் ஓடும். 10 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது வேகம் 36 கி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வரும் நீர் அதன்மேல் ஏற, அலை உயரம் கொள்கிறது. கிழக்கிலங்கையை அது எட்டியது எட்டரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில். ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட அவகாசம் இருந்தது. கண்டி பல்லேகலையில் உள்ள நிலநடுக்கப் பதிவுக் கருவி அந்த அதிர்வைப் பதிவுசெய்தது. ஆனால் அந்தப் பதிவை நாவலடிக்கு எடுத்துச்செல்ல ஒருவழியும் இருக்கவில்லை.

அப்படியானால் 'முதலில் கடல் பின்வாங்கும்' என்ற பாடம் எங்கிருந்து வந்தது? எல்லாம் கமராவால் வந்தது.

மனித வரலாற்றில் சாதாரண மக்களின் கைக்கமராக்களில் இத்தனை விரிவாகப் பதிவான முதற் பெரும் இயற்கை அழிவு 2004 சுனாமிதான் என்று துணிந்து கூறலாம். அந்தக் கமராக்கள் எங்கே இருந்தன என்று பாருங்கள். தாய்லாந்தின் புக்கெற், காவ் லக் உல்லாச விடுதிகளில் இருந்தன. இலங்கையில் தென்மேற்குக் கரையில் இருந்தன. காலி பஸ் நிலையத்தில் நீர் சுழன்று மனிதரை இழுத்துச் சென்ற காட்சியைக் காணாதவர் இல்லை. குவிக்பேர்ட் செய்மதி அன்று முற்பகல் பத்தேகாலைத் தாண்டிய வேளையில் களுத்துறைக்கு மேலாகப் பறந்து எடுத்த படம் உலகெங்கும் புவியியற் பாடநூல்களில் இடம்பிடித்தது. கடல் நூற்றுக்கணக்கான மீற்றர் உள்வாங்கி, சுழிகளோடு கிடக்கும் படம். அது முதலாவது அலை வந்து போனதன் பின்னரான வற்றல் என்பதைப் படத்தின் கீழுள்ள சிறு எழுத்தை வாசிப்பவர் மட்டுமே அறிவார்.

முதலில் அடி வாங்கியது கிழக்குக் கரை. இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மட்டக்களப்பில் நாவலடியும் திருச்செந்தூரும் கல்லடியும் ஒரு காலைக்குள் வெறுமையாயின. திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சாய்ந்தே நின்றது. இத்தனைக்கும் இப்பகுதியிலிருந்து உலகம் கண்ட அசையும் படம் மிகச் சொற்பம். இருபதாண்டுப் போருக்குள் வாழ்ந்த மக்களிடம் வீடியோக் கமரா எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? 2002இல் போர்நிறுத்தம் வந்திருந்தது உண்மை. ஆயினும் 2004 மே 31ஆந் திகதிதான் மட்டக்களப்பு நகரில் பட்டப்பகலில் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பது அக்காலத்தில் சாதாரண காரியமாக இருக்கவில்லை. ஆகப் படம் எடுக்கப்பட்ட கரையின் அனுபவம் உலகத்தின் பாடமாயிற்று. அந்தப் பாடம் தமிழ்க் குரலோடு நமது பிள்ளைகளிடம் திரும்பி வந்திருக்கிறது.

விவரணப்படத்தையோ பல்லூடகத்தையோ குறைகூற இதை எழுதுகிறேன் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. அதன் வலிமைக்கு அதே நாளே சாட்சி. தில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி பெற்றோருடன் புக்கெற் தீவின் மைகாவ் கடற்கரையில் நின்றாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் உள்ள அவளுடைய பாடசாலையில் புவியியல் ஆசிரியர் அன்ட்ரூ கேர்னி சுனாமி பற்றிய பாடத்தை நடத்தி, ஹவாய்த் தீவுகளைத் தாக்கிய பழைய சுனாமி பற்றிய வீடியோவைக் காட்டியிருந்தார். கரைநீரின் போக்கு மாறியதையும் மேற்பரப்பு நுரைத்துக் குமிழியிட்டதையும் கண்ட சிறுமி, அது இன்னதென்று கூச்சலிட்டுச் சொன்னாள். பெற்றோர் விடுதிக் காவலரிடம் சொல்ல, கரையில் நின்ற ஏறத்தாழ நூறு பேர் வெளியேறினர். அந்தக் கரையில் ஒருவரும் சாகவில்லை. ஒரு புவியியற் பாடத்துக்கும் ஒரு வீடியோத் துண்டுக்கும் இதைவிடப் பெரிய பெறுபேறு உண்டா? ஆனால் அந்தச் சிறுமி ஒன்றுக்கு மேற்பட்ட அறிகுறிகளைக் கற்றிருந்தாள் என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தித்தாள்கள்தாம் அதைக் 'கடல் பின்வாங்கியது' என்ற ஒற்றை வரியாகச் சுருக்கின. அந்தச் சுருக்கும் தொழிலில் எனக்கும் பங்குண்டு.

நமது வாவிக்கரைக்குத் திரைவழிக் கல்வி புதியதன்று. என் சிறுபராயத்தில், அறுபதுகளின் தொடக்கத்தில், அரசாங்கத் தகவற் பகுதியின் படவண்டி ஊருக்கு வரும். இரண்டு தென்னைகளுக்கிடையில் வெள்ளைச் சீலை கட்டுவார்கள். மலேரியா நுளம்பு, நெல் நாற்று நடுகை, மகாவலி என்று துண்டுப்படங்கள் ஓடும். சீலையின் பின்பக்கம் இருந்து பார்த்தால் எல்லாரும் இடக்கையால் சாப்பிடுவதைக் கண்டு சிரிப்போம். படங்களின் பேச்சு சிங்களமாகவோ ஆங்கிலமாகவோ இருக்கும். வண்டியோடு வந்தவர் இடையிடையே தமிழில் சொல்லுவார். சொல்லாத இடங்களை நாங்களே இட்டு நிரப்பிக்கொண்டோம்.

காதால் கற்ற பாடம் அதற்கும் முந்தியது. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் தெனன்ற், இரவில் தோணியேறி வாவிக்குள் சென்று, தோணியின் மரத்தில் காதை வைத்து அந்தப் புகழ்பெற்ற இசையைக் கேட்டார். மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரியை. ஊரி அழுகிறது என்றே அவர்கள் சொன்னார்கள். தெனன்ற் அந்தச் சிப்பிகளின் பெயர்களையும் மீனவர் சொன்ன தமிழ்ச் சொல்லையும் தம்மால் இயன்றவரை எழுத்துக்கூட்டிக் குறித்து வைத்தார். சாட்சி சொன்னதைச் சாட்சியின் மொழியிலேயே குறிப்பது என்ற அந்த ஒரு காரியத்துக்காக அவரை மதிக்கலாம். நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின், 1960களில், யேசுசபைத் துறவி லாங் அடிகளாரின் துணையுடன் கல்லடிப் பாலத்தடி ஒலியை இலங்கை வானொலி ஒலிபரப்பியது. நாங்கள் பாலத்துக்கு அரைக் கட்டைத் தூரத்தில் இருந்துகொண்டு, எங்கள் வாவியின் குரலைக் கொழும்பு வழியாக வானொலிப் பெட்டியில் கேட்டோம்.

1975இல் இந்தியா ஏ.ரி.எஸ்.-6 என்ற அமெரிக்கச் செய்மதியை ஓராண்டுக்கு இரவல் பெற்று, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. ஆனால் கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் இந்திய விண்வெளிப் பொறியியலாளர் ஓர் அலைவாங்கியைப் பொருத்திக் கொடுத்தார்கள். அப்போது இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே கிடையாது. 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பை அடித்து முடித்தபோதும் தொலைக்காட்சி இருக்கவில்லை. மறுநாள் காலை தலையில்லாத தென்னந்தோப்புகளைப் பார்த்த எங்களுக்கு, அந்தச் சுழலை மேலிருந்து பார்த்தால் எப்படியிருந்திருக்கும் என்று காட்ட ஒரு படமும் கிடைக்கவில்லை. நடுவில் காற்று ஓய்ந்தபோது எல்லாம் முடிந்ததென்று வெளியே வந்தவர்கள் பலர். சூறாவளிக்குக் கண் உண்டு, அது கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும் என்பதை ஒரேயொரு வரைபடம் அவர்களுக்குச் சொல்லியிருக்கும். ரூபவாகினி வந்தது 1982 பெப்ரவரியில். அடுத்த ஆண்டே நாடு தீப்பிடித்தது. மின்சாரமும் சமாதானமும் இல்லாத ஊர்களில் கல்வி ஒளிபரப்பு என்ன செய்யும்?

சொற்கள் மட்டும் நம்மிடம் இருந்தன. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி, இரசாயனம் கற்பித்தவர். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்திலேயே அவருடைய சமாதியும் இருக்கிறது. நாங்கள் 'பூமிசாஸ்திரம்' படித்தோம். எங்களுக்குப் பின்வந்தவர்கள், நாவலாசிரியர் செங்கை ஆழியானாகவும் அறியப்பட்ட க. குணராசாவின் புவியியல் நூல்களைப் படித்துப் பரீட்சை எழுதினார்கள். இவ்வளவு இருந்தும் 2004 டிசம்பர் 26 மாலை செய்தியறையில் நாங்கள் திணறினோம். கடல் கொந்தளிப்பு என்றார் ஒருவர். கடற்கோள் என்றார் மற்றவர். அது இறையனார் களவியல் உரையிலும் விகாரமாதேவி கதையிலும் வரும் சொல். சுனாமி என்ற யப்பானியச் சொல்லை எழுதினால் வாசகருக்குப் புரியுமா என்று விவாதித்தோம். மறுநாள் முதல் அச்சொல்லை அறியாத குழந்தையும் இல்லை.

அதன்பின் படங்கள் வந்தன, நிறையவே வந்தன. கொழும்பிலிருந்து இயங்கிய ரீ.வீ.ஈ. ஏசியா பசிபிக் நிறுவனம் 2005இல் இந்தியா, இந்தோனேசியா, இலங்கை, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளிலும் எட்டுக் குழந்தைகளை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து 'சுனாமியின் குழந்தைகள்' என்ற தொடரை எடுத்தது. அதில் ஒரு சிறுவன் காரைதீவைச் சேர்ந்தவன். அலையில் தப்பிய அச்சிறுவனை 2007 மார்ச்சில், குடும்பம் தங்கியிருந்த தற்காலிகக் கொட்டிலுக்குள் புகுந்த ஆயுததாரிகள் சுட்டுக் கொன்றார்கள். கிழக்கிலங்கையில் படம் எடுப்பதென்றால் எதை எடுக்கிறோம் என்பதை இதைவிட விளக்க என்னால் முடியாது. அதே நிறுவனம் கண்டல், பவளப்பாறை, மணற்குன்று ஆகியவை கரையைக் காத்த விதத்தையும் பின்னர் ஒரு தொடராக எடுத்தது. பயனுள்ள முயற்சிகள். எனினும் மட்டக்களப்பு வாவியின் புவிச்சரிதத்தை மட்டக்களப்பு மாணவனுக்குச் சொல்லும் படம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

அப்படியொரு படத்துக்கு வேண்டிய விடயமோ காலடியிலேயே கிடக்கிறது. வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கி.மீ. ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிடச் சற்று உயர்ந்திருந்து, பின்னர் தாழ்ந்த காலத்தில், கரைவழி நீரோட்டம் வாரிக் கொட்டிய மணல் திடலாக வளர்ந்து கடலின் ஒரு துண்டை உள்ளே அடைத்துக்கொண்டது. அந்தத் திடல்தான் எழுவான்கரை. அடைபட்ட நீருக்கு அப்பால் உள்ளது படுவான்கரை. அங்கே பழம்பாறை மேலே தெரிகிறது, குடும்பிமலை தனித்து நிற்கிறது. வடகீழ்ப் பருவமழையில் வாவி நிரம்பும்போது முகத்துவாரம் உடைத்துக்கொண்டு கடலுக்கு வழிவிடுகிறது. உடையாவிட்டால் வெட்டிவிடுகிறார்கள். மழை ஓய்ந்ததும் கடல் மறுபடி மணலால் வாயை அடைக்கிறது. பாலமீன்மடுவில் நின்று ஆண்டுக்கு நான்கு முறை ஒரே இடத்திலிருந்து படம் எடுத்தால் போதும். மணல் நகர்வதை அசைவூட்டம் இல்லாமலே காட்டலாம்.

இப்போது அந்தத் தமிழ்க் குரல் சொன்ன இரண்டாவது ஆலோசனையை நினைத்துப் பாருங்கள். மேட்டுநிலத்தை நோக்கி ஓடுங்கள். நாவலடிப் பிள்ளை எந்த மேட்டுக்கு ஓடும்? கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணல். குடும்பிமலை முப்பது கி.மீ.க்கும் அப்பால். அன்று ஓடியவர்களிற் பலரை வாவிக்குள்ளேதான் தேடி எடுத்தோம். எழுவான்கரையில் தப்பும் வழி என்றால் பாலம், இல்லையேல் உறுதியான மாடிக் கட்டடம். 2004இல் இருந்தது 1920களில் கட்டப்பட்ட ஒடுங்கிய இரும்புப் பாலம். அதில் ஒரு நேரத்தில் ஒரு திசைக்கே வாகனம் போகும். 2013இல் அதனருகே புதிய அகன்ற பாலம் திறக்கப்பட்டது. படத்தில் காட்ட வேண்டியது அந்தப் பாலத்தையும் அதை அடைய எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்பதையும்தான்.

2012 ஏப்ரல் 11ஆந் திகதி பிற்பகல், சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. எச்சரிக்கை வந்தது. கிழக்குக் கரையோரமெங்கும் மக்கள் உட்பகுதிக்கு விரைந்தார்கள். அலை வரவில்லை. 'சும்மா பயமுறுத்திவிட்டார்கள்' என்று பேசிக்கொண்டோரும் உண்டு. அன்று தகடுகள் பக்கவாட்டில் வழுக்கினவேயன்றி மேலெழவில்லை. நீர் தூக்கப்படவில்லை. இதை விளக்க இரண்டு புத்தகங்களை மேசைமேல் வைத்து நகர்த்திக் காட்டும் அரை நிமிடக் காட்சி போதும். விளக்காவிட்டால் அடுத்த எச்சரிக்கைக்குப் பாதிப்பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

அடுத்தது எப்போது என்பதற்கும் மண்தான் சாட்சி சொல்ல வேண்டும். 1883 ஓகஸ்ட் 27இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை கிழக்கிலங்கையின் பாணமைக் கரைவரை வந்து ஓர் உயிரைக் குடித்ததாகப் பதிவுண்டு. அதற்கும் முந்தியவற்றைத் தேடி, ஹம்பாந்தோட்டைக்கு அண்மையிலுள்ள கரகன் களப்பில் ஆய்வாளர்கள் குழாய்களை இறக்கினார்கள். முடிவுகள் 2014இல் வெளிவந்தன. கறுத்த சேற்றுக்கிடையில் கடல்மணற் படைகள் இருந்தன. பல ஆயிரம் ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் கடல் அங்கே ஏறியிருக்கிறது. இடைவெளியோ சீரானதன்று. சில நூற்றாண்டுகள், சில வேளை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. களப்பு அமைதியான நீர்நிலை. விழுந்த மணலை அது கலைக்காமல் வைத்திருக்கும்.

பாடசாலையில் படம் முடிந்த அன்று தொழிலாளி சொன்னதை அங்குள்ள புவியியல் ஆசிரியையிடம் தயங்கித் தயங்கிக் கூறினேன். இளம் பெண், சுனாமிக் காலத்தில் ஐந்தாம் ஆண்டு படித்தவராம். அவர் கோபிக்கவில்லை. "எனக்கும் அதில ஒரு சந்தேகம் இருந்தது ஐயா" என்றார். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. சனிக்கிழமை காலை உயர்தர மாணவர் பதினொருவர் வாவிக்கரைக் கண்டலோரம் போகிறோம், வந்து பாருங்கள் என்றார்.

போனேன். தண்ணீர்க்குழாய் வேலைக்குப் பயன்படும் பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை முழங்கால் சேற்றில் நின்று மாணவர்கள் அழுத்தி இறக்கினார்கள். மேல்வாயைக் கையால் அடைத்து இழுத்தபோது மெதுவாக வந்தது. வாளால் நெடுக்காக அறுத்துப் பலகையில் வைத்தார்கள். கறுப்புச் சேறு, வேர்த்துண்டுகள், அதற்குக் கீழே ஒரு விரற்கடை அளவுக்கு வெளிறிய மணல், பிறகு மீண்டும் கறுப்புச் சேறு. ஒரு பையன் கைத்தொலைபேசியால் படம் பிடித்துக்கொண்டு, "இதுதான் சுனாமி மண்" என்று உரக்க அறிவித்தான்.

"வெட்டு" என்றார் ஆசிரியை. "அப்படிச் சொல்லாதே. வெள்ளமும் மணல் கொண்டு வரும், காற்றும் கொண்டு வரும். கடற்சிப்பித் துண்டு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்க்க வேணும். இன்னும் மூன்று இடத்தில் இறக்கிப் பார்க்க வேணும். இப்ப கண்டதை மட்டும் சொல்லு."

பையன் மறுபடி தொடங்கினான். திகதியையும் இடத்தையும் சொன்னான். மேலிருந்து எத்தனை சென்ரிமீற்றரில் மணல் தொடங்குகிறது என்று அடிமட்டத்தை வைத்துக் காட்டினான். அதற்குள் ஒருத்தி ஓடிப்போய்ப் பாடசாலைத் தொழிலாளியைச் சைக்கிளோடு கூட்டி வந்துவிட்டாள். அவர் சேற்றில் இறங்க மறுத்துக் கரையிலேயே நின்றார். கமராவைப் பார்த்துப் பேச வெட்கப்பட்டார். வாவியைப் பார்த்தபடியே பேசலாம் என்றார் ஆசிரியை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அன்று காலை எங்கே நின்றேன், முதலில் எதைக் கண்டேன் என்று சொல்லத் தொடங்கினார்.